இரண்டு கரைக்கும் ஒரே திருடர்கள்

என் பிரியமுள்ள செபமாலை அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடிவிட்டீர்கள் என்று இலங்கையின் நெடுந்தீவுப் பக்கத்திலிருந்து வந்த படகுக்காரர்கள் சொன்னபோது, தலையிலிருந்த மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கூட நின்ற சின்னையா பெண்டாட்டி, "என்ன மதினி, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று பயந்துபோனாள். நான் என்ன செய்யட்டும்? உங்களை நினைத்தால் நீங்கள் எங்கள் மீமிசல் கரைக்கு முதன்முதலாக வந்த அந்தக் காலைதானே முன்னால் வந்து நிற்கிறது!

அந்த வருஷம் எங்கள் கரையில் யாருக்கும் நிம்மதி இல்லை. என் வீட்டுக்காரர் கருப்பையாவை நடுக்கடலில் இரண்டு படகுகள் வளைத்து, வலை, பாய், சோற்றுப் பானை எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போய்விட்டன. துடுப்பு போட்டே கரை வந்து சேர்ந்தார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, கஞ்சியைக்கூட நான்தான் ஊட்டிவிட்டேன். அவருக்குப் பிறகு இன்னும் பலர் அப்படியே பறிகொடுத்து வந்தார்கள்.

"எல்லாம் இலங்கைக்காரன் வேலை" என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. இனி அந்தக் கரைப் படகு எது கண்ணில் பட்டாலும் வெட்டுவது என்று அரிவாள்களைத் தீட்டினார்கள். கை ஆறியதும் இவரும் ஒன்றைத் தீட்டி வைத்துக்கொண்டார். எந்த வீட்டுத் தாலிக்கு ஆபத்தோ என்று நாங்கள் பெண்கள் கடற்கரையிலேயே காத்துக் கிடந்தோம்.

அந்த நேரம் பார்த்தா புயலுக்குப் பயந்து உங்கள் படகு எங்கள் கரையில் ஒதுங்க வேண்டும்?

பாயைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் என் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து நானே வைத்துத் தைத்த ஒட்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, வாயில் வந்ததையெல்லாம் உங்கள் மேல் கொட்டினேன்.

"ஏய்யா, என் புருசன் பாயைக் கட்டிக்கிட்டு எங்க ஊருக்கே வாரியா? ஒனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்!"

நீங்கள் பதறவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுத் திட்டும். இது களவெடுத்தது இல்லை. விலை குடுத்து வாங்கினனான்" என்றீர்கள்.

அதற்குள் ஆட்கள் ஓடிவந்து உங்களைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் அரிவாளோடு வந்தார். நீங்களோ அவரைப் பார்க்கவே இல்லை. சின்னையா படகுக்குப் பக்கத்தில் மணலில் கிடந்த நங்கூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்துவிட்டு, கையைப் பிடித்திருந்தவர்கள் மிரளும்படி சிரித்தீர்கள்.

"உது என்ரை நங்கூரம்! அதில சிலுவை வெட்டியிருக்கு, பாருங்கோ. எங்கட ஐயா தன்ரை கையால வெட்டினது. போன மாசம் கடலில வைச்சுப் பறிச்சுக்கொண்டு போனவங்கள்."

நங்கூரத்தைப் புரட்டினார்கள். சிலுவை இருந்தது.

சின்னையாவுக்கு முகம் வெளிறிப்போனது. "சத்தியமா நான் எடுக்கலைங்க. இங்கிட்டு வந்த ஒரு படகுக்காரன்ட்டதான் வாங்குனேன். மூக்குல வெட்டுத் தழும்பு இருந்துச்சு."

"எனக்குப் பாய் வித்தவனுக்கும் மூக்கிலதான் தழும்பு" என்றீர்கள் நீங்கள்.

எல்லாரும் பாயையும் நங்கூரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் இவர் அரிவாளை மணலில் குத்திவிட்டு, "அடப்பாவி! இங்க அடிச்சதை அங்க வித்து, அங்க அடிச்சதை இங்க வித்து, ரெண்டு கரையையும்ல மொட்டையடிச்சிருக்கான்!" என்றார். பிடித்த கைகள் விட்டன. இத்தனை காலம் யாரை வெட்ட நினைத்தோமோ, அவர்களும் நம்மைப் போலவே பறிகொடுத்தவர்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு புயல் அடிக்க வேண்டியிருந்தது.

புயல் ஓயும்வரை நீங்கள் எங்கள் ஊரில்தான் இருந்தீர்கள். முன்பின் தெரியாதவனிடம் இரண்டு கரையிலும் யாரும் பழைய சாமான் வாங்கக்கூடாது, ஆபத்தென்றால் சிவப்புத் துணி ஏற்ற வேண்டும், அதைப் பார்த்த படகு எந்த ஊர் என்று கேட்காமல் உதவிக்குப் போக வேண்டும் என்று நீங்களும் இவரும் பேசி முடிவெடுத்தீர்கள். போய் உங்கள் கரையிலும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், எங்கள் படகுகள் பெரும்பாலும் கடலில் இருந்தபோது, மூக்குத் தழும்புக்காரன் ஆட்களோடு எங்கள் கரையிலேயே வலை விற்க வந்தான். சின்னையா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். அவர் திரும்பும்வரை அவனைப் பிடித்து வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கா பேசத் தெரியாது?

"வலைக்கண்ணு பெருசா இருக்கே, மீனு நிக்குமா?" என்றேன். "நூலு இத்துப்போயிருக்கே" என்றேன். எல்லாவற்றையும் விரித்துக் காட்டச் சொன்னேன். மடித்து வைத்ததும் மறுபடி விரிக்கச் சொன்னேன்.

"ஒனக்கு வேணுமா வேணாமா ஆத்தா?" என்று அவன் அழாத குறை.

போலீஸ் தலைப்பாகை தெரிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு பறந்தார்கள். இவர் கரையில் சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார். வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த படகுகள் எல்லாம் திரும்பின. அதில் உங்கள் படகும் இருந்தது, அண்ணே. கரையோரத்திலேயே வழி மறிபட்டதும் அவன் ஆழமில்லாத தண்ணீரில் குதித்தான். எங்கள் கடல் அடியெல்லாம் சேறு என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அவசரத்தில் மறந்திருப்பான். தொடைவரை புதைந்து நின்று, "தூக்கி விடுங்க ஆத்தா" என்று என்னிடமே கெஞ்சினான்!

பிடிபட்டவர்களில் பாதிப்பேர் எங்கள் கரை, பாதிப்பேர் உங்கள் கரை. நல்லவர்கள் நாம் ஒன்றுசேர்வதற்கு முன்பே திருடர்கள் ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள்! இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "இவனுகளை எந்த நாட்டுக் கணக்குலய்யா சேர்க்கிறது?"

"ஐயா, களவெடுக்கேக்கை அவங்கள் நாடு பாக்கேல்லை. பிடிக்கேக்கை நாங்களும் பாக்கேல்லை" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு அந்தக் கரை அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்களும் லாஞ்சில் வந்தார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நான் வறுத்துக் கொடுத்த இறாலைச் சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தார்கள். அதன் பிறகு நான் கடற்கரையில் பயந்து காத்திருந்ததில்லை.

இங்கே எல்லாரும் சுகம். நைலான் வலை வந்துவிட்டது. என் மகள் அறந்தாங்கியில் டீச்சராக இருக்கிறாள். இவருக்கு முட்டிவலி, ஆனாலும் கடலுக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார். உங்கள் அடக்கத்துக்கு வர நினைத்தோம். பாஸ்போர்ட் வேண்டும், என்ன உறவு என்று எழுத வேண்டும் என்கிறார்கள். என்ன உறவென்று எழுதுவது, அண்ணே? திட்டிப் பிடித்த உறவு என்றா?

போன வாரம் பாய்மரம் முறிந்து உங்கள் பக்கத்துப் படகு ஒன்று இங்கே ஒதுங்கியது. புதிதாக வந்த ஆபீசர், "யார், எந்த ஊர்?" என்று அதட்டினார். நான் நடுவில் போய் நின்று, "பசியோட இருக்காங்கய்யா, எலை போட்டாச்சு. நீங்களும் உக்காருங்க, அப்புறமா கேட்டுக்கலாம்" என்றேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

என் கை கால் ஓடும்வரை இந்தக் கரையில் இப்படித்தான் நடக்கும், அண்ணே. எனக்குப் பிறகு என் மகள் பார்த்துக்கொள்வாள்; அவளுக்கும் வாய் என்னைப் போலத்தான்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மீமிசல் பஞ்சவர்ணம்