எட்டும் ஒரே மாதிரி கிழிந்திருந்தன

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் நலம் என்றுதான் எழுதுவீர்கள். தோள்வலி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் இந்த முறை மறைக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய விற்பனைப் படிவம் கிடைத்தது. ஜீப் என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. நான் போடப் போவதில்லை. வெள்ளிக்கிழமை வாங்குகிற ஆளோடு வருவதாக உங்கள் அண்ணன் சொல்லியிருக்கிறார். தாராளமாக வரட்டும், டீ குடித்துவிட்டுப் போகட்டும். ஜீப் அந்த நேரத்தில் மேட்டுக் குடியிருப்புக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஓட்டுவது நான்.

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

மேட்டு வளைவில் கவிழ்ந்த பிறகு, வண்டி அலைபாய்கிறது, என்னாலும் இனி ஓட்ட முடியாது என்று சொல்லி நிறுத்திவிட்டு வெளியூர்க் கிடங்கு வேலைக்குப் போனீர்கள். நாலு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க மாட்டாமல் அடியில் புகுந்து பார்த்தேன். வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளின் நுனிக் கண்களில் இருக்கும் ரப்பர் புஷ் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எட்டு புஷ்ஷை எடுத்துக் கொடுத்துவிட்டு, எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை நடக்கிறது என்று கேட்டார். எங்கள் வீட்டு வாசலில் என்றேன். இது பொம்பளைங்க செய்யிற வேலையாம்மா, ஒரே வாரத்துல திரும்ப இங்கதான் வந்து நிப்பீங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே முடித்துக் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

போல்ட்டுகள் துருப்பிடித்து லேசில் மசியவில்லை. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பழைய புஷ்ஷின் இரும்பு உறையை ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். புதுசை நீளமான போல்ட்டும் நட்டும் வைத்து முறுக்கி உள்ளே இழுத்தேன். ஒரு கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது, மற்றபடி சேதமில்லை.

பிறகு, நீங்கள் செய்யும்போது பார்த்தது மாதிரியே, ஜீப்பை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, எல்லாப் போல்ட்டையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். கீழே இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். புது ரப்பர் எட்டும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. ஓடிப்போய்க் குப்பையிலிருந்து பழைய புஷ்களைப் பொறுக்கி வந்து வரிசையாக வைத்தேன். எட்டும் ஒரே மாதிரி முறுக்கிக் கிழிந்திருந்தன.

அவற்றை நீங்கள் மாட்டியது விபத்துக்கு மூன்று வாரம் முன்னால். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. வண்டியின் பாரம் அதன்மேல் இறங்கியதும் முறுக்கிக் கிழிகிறது. அப்புறம் அச்சு நகரும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் அதே தப்பைத்தான் செய்தேன். ஆனால் கண் அசந்துவிட்டது, கை நடுங்கிவிட்டது என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள், உங்கள் அண்ணனும் கூடவே ஆமாம் போடுகிறார். அதை இனி யார் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன். அந்த வளைவில் உங்களைக் கவிழ்த்தது உங்கள் கை இல்லை.

எல்லாவற்றையும் தளர்த்தினேன். ஜீப்பைத் தரையில் நிறுத்தி, பம்பரில் ஏறிக் குதித்து ஆட்டி, அதன் பாரம் அதன் காலில் நின்ற பிறகு இறுக்கினேன். ஒரு மாதமாகப் பன்னிரண்டு சிலிண்டரோடு அதே வளைவில் ஏறி இறங்குகிறேன். துளி அலைச்சல் இல்லை. முதல் நாள் மட்டும் பயந்துபோய்ப் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கடைக்காரர் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை.

படிவத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடும் இடம் காலி. பின்பக்கத்தில் எந்தப் போல்ட்டை எப்போது இறுக்க வேண்டும் என்று படம் வரைந்திருக்கிறேன். கிழித்துப் போடாதீர்கள்.

அந்தக் கிடங்கு வேலை பிடித்திருந்தால் இருங்கள். ஜீப்புக்குப் பயந்து இருக்க வேண்டாம். வரும் நாளை ஒரு வரி எழுதிப் போட்டால் பஸ் நிலையத்தில் ஜீப்போடு நிற்பேன். வளைவு வரைக்கும் நான் ஓட்டி வருகிறேன். அங்கே நிறுத்திவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் நீங்கள் ஓட்டுங்கள்.

இதில் மட்டும் கையெழுத்துப் போடும்,
பாப்பாவின் அம்மா