என் பெயர் எழுதிய கதிரை

அன்புத் தம்பி அருளுக்கு,

நீ போன பிறகு இரண்டாவது மாதா திருவிழா வருகிறது. சாந்தியில் இளைப்பாறு என்று மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. உன் மேல், கோயில் கமிட்டி மேல், எல்லாரையும் விட என் மேல்.

திருவிழா மலை ஓட்டத்தில் வென்றவர் கோயில் வாசலில், உட்காருகிற கதிரை மேல் ஏறி, மணி அடித்து முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டுமாம். எவன் கண்டுபிடித்தானோ! அந்தக் கதிரை யார் உபயம்? என்னுடையது. முதுகுப் பலகையில் என் சப்பாத்துக் கடைப் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். போட்டோவில் விழுமே, சும்மா கிடைக்கிற விளம்பரம்தானே என்று நினைத்தேன்.

பேராதனையிலிருந்து கலஹா ரோட்டில் ஏறி ஓடி, தோட்டத்துக் கோயிலுக்கு முதலாவதாக வந்தாய். வந்த வேகத்திலேயே மாலை போட்டு, தூக்கிக் கதிரையில் ஏற்றினோம். மணி பாதிகூட அடிக்கவில்லை, உன் உதடு வெளுத்தது.

"அண்ணே, கண்ணு இருட்டுது."

"மணி முடியட்டும்டா, நில்லு."

அப்படித்தான் சொன்னேன். சின்ன வயதிலிருந்து என் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாய்? மாலையோடு சரிந்தாய். பின்தலை சிமெந்துப் படியில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் கீறிக் காட்டினார். வருஷக்கணக்கான பயிற்சியில் உன் இதயம் ஒரே துடிப்பில் நிறைய இரத்தத்தைத் தள்ளப் பழகியிருந்ததாம். காலில் இரத்தக் குழாய்கள் அகன்றிருந்தனவாம். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் அவற்றைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. சட்டென்று நின்றால் பிழிய ஆளில்லை. இரத்தம் காலிலேயே தேங்கிவிடும், மூளைக்குப் போவது குறைந்துவிடும். "கொஞ்ச தூரம் நடக்க விட்டிருக்கலாமே. மயக்கம்னதும் படுக்க வெச்சிருக்கலாமே" என்றார்.

சப்பாத்துக்குக் கால் அளவு பார்த்தே பிழைக்கிறவன் நான். அந்தக் காலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா?

மாதா கூப்பிட்டுக்கொண்டாள் என்கிறது ஊர். மாதாவை ஏன் இழுக்கிறார்கள்? ஏற்றி நிறுத்தியது நாங்கள்.

உன் மகள் ஸ்டெல்லா இந்த வருஷம் ஓடுகிறாள். கெண்டைக்காலில் உன்னைப் போலவே நரம்பு புடைத்திருக்கிறது. ஏதும் வருத்தமோ நோயோ என்று அவள் அம்மா பயந்தாள். "ஓடி ஓடி இரத்தக் குழாய் அகலமாயிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று நான்தான் சொன்னேன். இந்தப் படிப்பு எனக்கு எவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது, பார்.

போன ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில் மறுபடி அதே கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்றேன்.

"சம்பிரதாயத்த மாத்த ஏலாதுங்க, முதலாளி" என்றார் தலைவர். "பொம்பளப் புள்ள. வேணும்னா பக்கத்துல நாலு பேர நிப்பாட்டுவோம்."

"என் தம்பி பக்கத்துலயும் நாலு பேரு நின்னோம்யா!"

"மணி முடியிற வரைக்கும் நிக்காட்டி வெற்றி செல்லாதுங்களே."

"அப்ப நீங்க பேராதனையில இருந்து ஓடி வந்து ஏறி நில்லுங்க. நான் மணி அடிக்கிறேன்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் கதிரையைத் தூக்கித் தோளில் போட்டேன்.

"கோயிலுக்குக் குடுத்தத திருப்பி எடுக்கிறதா?" என்றார் தலைவர்.

"ஆமா. என் பேரு இருக்கு, பாவமும் என்னோடதுதான்."

வேறு கதிரை கொண்டுவருவார்கள், தெரியும். கொண்டுவரட்டும். திருவிழாவன்று ஓட்டம் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பேன். ஸ்டெல்லா வந்ததும் கையைப் பிடித்து, கோயிலைத் தாண்டி, மூச்சு அடங்கும்வரை கூடவே போவேன். வெற்றி செல்லாவிட்டால் போகட்டும். "பெரியப்பா, மணி அடிக்கிறாங்க" என்பாள்.

"நட, மகளே" என்பேன். சத்தியம். உன்னிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

உன்னை நில் என்று சொன்ன அண்ணன்,
சூசை