மூடி வைத்து உலர்த்திய படலம்

மெல்பேர்ண்
12.03.2005

அன்புள்ள அஸ்மியா,

சுகமாக வந்து சேர்ந்தேன். இந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எல்லாக் கருவியும் இருக்கிறது, கதைக்கத்தான் ஆளில்லை.

வவுனியாவில் நாம் செய்த மென்படலம் இங்கே சரிவரவில்லை. அதே பொலிமர்க் கரைசல், அதே ஈயசல்பைட்டு நானோத் துணிக்கைகள். ஆனால் கண்ணாடியில் காய்ந்ததும் துணிக்கைகள் கட்டிபடுகின்றன. ஊதாவுக்கு அப்பாலுள்ள கழியூதாவிலிருந்து சிவப்புக்குக் கீழுள்ள செந்நிறக்கீழ் வரை எல்லா ஒளியையும் ஒரே படலம் உணர்வதை நீர்தானே முதலில் கண்டீர். எப்படிச் செய்தீர் என்று எழுதும். உம்முடைய குறிப்புப் புத்தகத்தையும் அனுப்பினால் இங்கே என் பேராசிரியருக்குக் காட்டலாம். கட்டுரை வந்தால் இருவர் பெயரும் வரும்.

அம்மாவை இடைக்கிடை போய்ப் பாரும்.

அன்புடன்,
அனோஜன்

வவுனியா
02.04.2005

அன்புள்ள அனோஜன்,

நீர் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

அன்றைக்குக் கரண்ட் போய் உலர்த்தும் அடுப்பு நின்றதல்லவா? தூசி விழாமல் இருக்கட்டும் என்று கண்ணாடித் துண்டைக் கிண்ணத்தால் மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். படலம் இரண்டு நாளாக மெல்லக் காய்ந்தது. துணிக்கைகள் கட்டிபடவில்லை. பிறகு பதினேழு தரம் அப்படியே செய்தேன், ஒருதரமும் பிழை வரவில்லை.

புத்தகம் இத்துடன் வருகிறது. பிரதி எடுக்கவில்லை, உம்மிடம்தானே போகிறது.

உம்முடைய அம்மா கமலாசனி அன்ரிக்குக் கால்வீக்கம் குறைவு. என் உம்மாவும் உம்மை விசாரித்தா.

அன்புடன்,
அஸ்மியா

வவுனியா
19.02.2006

அனோஜன்,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை.

பத்து நாளைக்கு முன் உம்முடைய அம்மாவிடம் போனேன். "எங்கட அனோஜன்ர கட்டுரை வந்திருக்கு, வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்று நீர் அனுப்பிய தாளைத் தந்தா. உம்முடைய பெயரும் பேராசிரியரின் பெயரும் இருந்தன. கிண்ணத்தால் மூடியதும் இருந்தது, பதினேழு தரமும் இருந்தது. நான் இல்லை.

"என்ன எழுதியிருக்கு?"

"நல்லா எழுதியிருக்கிறார், அன்ரி."

திங்கட்கிழமை முதுமாணிப் பட்டத்துக்கான நேர்முகம். இதே வேலையைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். குழுவில் ஒருவர் உம்முடைய கட்டுரையை மேசையில் போட்டு, "இதைப் பார்த்துத்தானே எழுதினீர்?" என்று கேட்டார். என் புத்தகம் அனோஜனிடம் இருக்கிறது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. இது என் வேலைதான் என்று காட்ட மே மாதம் வரை தவணை தந்திருக்கிறார்கள்.

புத்தகத்தை அனுப்பும். நடந்ததை நடந்தபடி எழுதியும் அனுப்பும்.

அஸ்மியா

மெல்பேர்ண்
15.03.2006

அன்புள்ள அஸ்மியா,

உம்முடைய கோபம் நியாயம். இங்கே செய்தவர்களின் பெயர்தான் கட்டுரையில் வரும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். உண்மையை எழுதினால் கட்டுரையை மீளப்பெற வேண்டிவரும், என் விசாவும் போகும். புத்தகம் வீடு மாறும்போது தவறிவிட்டது.

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீர் எனக்கு உதவியாளராக இருந்தீர் என்று அதில் இருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பும். உம்முடைய குழுவுக்கு நல்ல பரிந்துரை எழுதுகிறேன். அடுத்த கட்டுரையில் உம்முடைய பெயர் கட்டாயம் வரும்.

அம்மாவிடம் இதைக் கதைக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
அனோஜன்

வவுனியா
09.05.2006

அனோஜன்,

நான் கையெழுத்திடவில்லை.

"புத்தகம் இல்லை, செய்து காட்டுறன்" என்று குழுவிடம் சொன்னேன். சனிக்கிழமை அவர்கள் முன்னாலேயே கரைசலை ஊற்றி மூடினேன். அறையைப் பூட்டித் திறப்பைக் குழுத் தலைவர் ஐயாத்துரை சேர் கொண்டுபோனார். நேற்றுத் திறந்து படலத்தில் மின்மானியை இணைத்தோம். கழியூதா விளக்குக்கு மின்மானி முள் எழும்பியது. மேசை விளக்குக்கும் எழும்பியது. கடைசியாக ரீவி ரிமோட்டைப் பிடித்து அமத்தினேன். அதன் செந்நிறக்கீழ் ஒளி கண்ணுக்குத் தெரியவில்லை, முள் மட்டும் ஆடியது.

என்னை எடுத்திருக்கிறார்கள்.

உம்முடைய அம்மாவிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். போய்ப் பார்ப்பதையும் விடமாட்டேன். அதற்கு நீர் எழுத வேண்டியதில்லை.

வெளியே வரும்போது ஐயாத்துரை சேர் கேட்டார்: "அந்த அனோஜன் எப்பிடிப்பட்ட ஆள் பிள்ளை?"

மூன்று வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம்.

"எனக்குத் தெரியாது சேர்" என்றேன்.

அஸ்மியா