நான் மூடாத புகார்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் தன் மைத்துனரின் விவாகரத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே வந்தார். ஐந்து நிலையம் தாண்டுவதற்குள் அந்தக் குடும்பத்துச் சங்கதி எல்லாம் எனக்கு அத்துப்படி. மைத்துனர் பக்கம்தான் நியாயம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முறைத்தார். நானா கேட்டேன்? அவர்தானே ரயிலுக்கே சொன்னார்?

அலுவலகத்தில் மீட்டிங். எங்கள் ரயில் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கு வாரத்தில் நான்கு மீட்டிங். மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘உடனடி’. எல்லாவற்றையும் உடனடியாகச் செய்யச் சொல்வார்; அவர் அறையின் மின்விசிறி போன வருஷத்திலிருந்து நின்றபடி இருக்கிறது. இன்றைய செய்தி: இருபதாம் தேதி அமைச்சர் பெரிய நிலையத்துக்கு வருகிறார், மேல்தளத்தில் பயணிகள் உதவி மையத்தைத் திறந்துவைக்க. அதற்குள் நிலுவைப் புகார்கள் பூஜ்யமாக வேண்டும். தீர்க்கணும் என்று அவர் சொல்லவில்லை. பூஜ்யமாக்கணும் என்றுதான் சொன்னார். பதினோரு வருஷமாகப் புகார் கேட்கிற காதுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

மார்ச் 5, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டார்கள். புகார் சொன்னவரை மூன்று முறை அழைத்து, எடுக்கவில்லை என்றால் ‘தீர்ந்தது’ என்று மூடிவிடலாம். புது விதி. அடுத்த மேசைக்காரி ஒரே ஒரு தடவை மணி அடித்ததுமே போனை வைத்துவிடுகிறாள். மதியத்துக்குள் நாற்பது மூடியாகிவிட்டது. ஊரில் ரயில் எல்லாம் திடீரென்று நேரத்துக்கு ஓடுகிறது போல.

என்னிடம் ஒரு புகார் மட்டும் மூட வரமாட்டேன் என்கிறது. ஒரு தையற்காரர். ஒரு காலில் இரும்புப் பட்டை. பெரிய நிலையத்தில் லிஃப்ட் நின்று ஏழு மாதம். அறுபத்து நான்கு படி ஏறித்தான் கடைக்குப் போகிறார். திங்கள்தோறும் தவறாமல் கூப்பிடுவார். ஒருநாளும் கத்தியதில்லை. “இன்னிக்கும் ஓடல மேடம், எழுதிக்குங்க” — அவ்வளவுதான். நாம் அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார். எங்கே மூடுவது?

மார்ச் 9, திங்கள்

உடனடி அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் உத்தரவு. பிரிவுத் தலைவர் பதவி, என் பெயரில். பதினோரு வருஷம் காத்திருந்த காகிதம். ஓரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். அந்த லிஃப்ட் புகார் ஒன்றுதான் பாக்கி, அதை முடித்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பேசினார். தையற்காரர் போனை எடுத்துவிடுகிறாரே சார் என்றேன்.

“எட்டே காலுக்குக் கூப்பிடுங்க. அவர் வர்ற ரயில் அப்போ சுரங்கத்துல இருக்கும். சிக்னல் கிடைக்காது.”

என்ன யோசனை! இந்த மூளையில் பாதியை லிஃப்டுக்குச் செலவழித்திருந்தால் அது எப்போதோ ஓடியிருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

எட்டே கால். ரிசீவரை எடுத்தேன். வைத்துவிட்டேன். பதவி வேண்டாமா எனக்கு? வேணும். ரொம்ப வேணும். ஆனா அந்த மனுஷன் அறுபத்து நாலு படி ஏற வந்துக்கிட்டிருக்கிற நேரத்துல நான் இங்க உக்காந்து ‘தீர்ந்தது’ன்னு எழுதணுமாம். கை வரல.

மார்ச் 11, புதன்

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உடனடி தானே கணினியில் ‘தீர்ந்தது’ என்று மாற்றிவிட்டார். ஆனால் காகிதப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டம் காலி. என் உத்தரவு மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

கழிவறைக்குப் போய் அழுதேன். எனக்கு நானே எழுதுவதில் மறைப்பானேன்?

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிற மனிதர், எதற்கும் பதறமாட்டார். “பதவி வந்திருந்தா இன்னும் நாலு மீட்டிங் கூடியிருக்கும். தப்பிச்சே” என்றார். அப்புறம் அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 16, திங்கள்

தையற்காரர் கூப்பிட்டார். லிஃப்டைப் பார்க்கப் போன வாரம் வருவதாக இருந்த ஆட்கள் வரவில்லையாம். பராமரிப்புப் பிரிவில் விசாரித்தேன். கணினியில் ‘தீர்ந்தது’ என்று வந்துவிட்டதால் வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 18, புதன்

அமைச்சரின் நிகழ்ச்சி நிரல் வந்தது. அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதமாம். அதனால் லிஃப்டில்தான் மேலே போவார்.

உடனடியிடம் ஓடினேன். சார், அது ஓடாதே! அவர் பராமரிப்புக்குப் போன் போட்டார். அவர்கள் கணினியைப் பார்த்து, சரியாகிவிட்டது என்றார்கள். அந்தக் கணினியில் அதை எழுதினதே இவர்தான்! அது மறந்தே போச்சா? முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“சரி பண்ணிட்டாங்களாம்மா. நீங்கதான் பழைய தகவலையே வெச்சுக்கிட்டு இருக்கீங்க.”

நிலையம் பத்து நிமிஷ நடை. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். மீட்டிங் இருக்கிறதாம்.

மார்ச் 20, வெள்ளி

எட்டரைக்கு வரவேண்டிய அமைச்சர் அதிசயமாக எட்டரைக்கே வந்தார். வரவேற்புப் பேச்சு மூன்று. பேசியவர்களில் ஒருவரையும் நான் ரயிலில் பார்த்ததில்லை. ‘பழுது’ அட்டையை மறைத்தபடி ஒரு பெரிய வரவேற்புத் தட்டி. உடனடி லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்திவிட்டுச் சிரித்தார். அமைச்சரும் சிரித்தார். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வழக்கம்போல் வேலைக்குப் போக, தையற்காரர் வந்தார். இரும்புப் பட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்தபடி படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அமைச்சரின் பக்கத்தில் போய் நின்றார்.

“கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாங்க சார். முப்பதாவது படியில கொஞ்சம் நிக்கலாம். நான் தினமும் அங்கதான் நிப்பேன்.”

கேலி துளியும் இல்லை அந்தக் குரலில். இருவரும் ஏறினார்கள். முப்பதாவது படியில் நின்றார்கள். எத்தனை நாளாக இப்படி என்று அமைச்சர் கேட்க, ஏழு மாதம் என்று சொல்லிப் புகார் எண்ணையும் மனப்பாடமாக ஒப்பித்தார் தையற்காரர். மேலே போனதும் அமைச்சர் அந்தப் புகாரின் படிவத்தைக் கேட்டு வாங்கினார்; அவருக்குக் காட்டத்தான் எல்லாக் கோப்பையும் மையத்தில் அடுக்கிவைத்திருந்தோம். தீர்ந்தது என்று இருக்கிறது, கையெழுத்து ஏன் இல்லை என்றார். உடனடி கூரையைப் பார்த்தார்.

“நான்தான் சார் போடல. ஓடாத லிஃப்டுக்கு எப்படிப் போடறது?”

உரக்கவே சொன்னேன். தையற்காரர் திரும்பிப் பார்த்தார். ஏழு மாதமாகப் போனில் மட்டும் பேசியவள் நான்தான் என்று அப்போதுதான் புரிந்திருக்கும். லேசாகத் தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 21, சனி

பத்திரிகையில் கொட்டை எழுத்தில்: “மக்களோடு மக்களாகப் படியேறிய அமைச்சர்”. வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 24, செவ்வாய்

லிஃப்ட் ஓடுகிறது. ஏழு மாதம் வராத உதிரிபாகம் நாலே நாளில் வந்துவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

பிரிவுத் தலைவர் பதவி அடுத்த மேசைக்காரிக்கு. உடனடிக்குத் தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலி. போகும்போது ஒரு சுற்றறிக்கை விட்டுப் போயிருக்கிறார்: புகார் சொன்னவர் சரி என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடக்கூடாது. லிஃப்ட் விஷயமாகப் போன வாரம் நடந்த விசாரணையில் நான் எழுதிக்கொடுத்த வாக்கியம், எழுத்து மாறாமல். கீழே அவர் பெயர். இருக்கட்டும். யார் வாக்கியம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆகவே அவர் பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் தெரியும்.

வருத்தம் இல்லையா? இருக்கிறது. ஆனால் காலையில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

புது விதிப்படி இப்போது நான்தான் அவரை அழைக்க வேண்டும். கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று பார்த்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன். லிஃப்ட் நன்றாக ஓடுகிறதாம். அப்படியென்றால் புகாரை மூடலாமா, நீங்கள் சொன்னால்தான் மூடமுடியும் என்றேன். போனில் பின்னால் கேட்ட தையல் இயந்திரச் சத்தம் நின்றது. நிதானமாக யோசித்தார்.

“இப்ப வேணாம் மேடம். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும். அடுத்த திங்கள் கூப்பிடுங்க, சொல்றேன்.”

எழுதிக்கொண்டேன். புதுத் தலைவி எட்டிப் பார்த்து, இது இன்னும் மூடலையா என்று கேட்டாள். அவர் இன்னும் சரி சொல்லவில்லை என்றேன்.