வாய்வு என்றே சொல்லிவந்தோம்

டீச்சர்,

இன்று காலை ஓமத் தண்ணீரின் வாசம் வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. வியாழக்கிழமை திருக்கடையூரில் என் வீட்டுக்காரருக்கு எழுபதாம் ஆண்டு பீமரத சாந்தி. புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, தரை நழுவுவதுபோல் ஆயிற்று. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மகள் டம்ளரோடு வந்தாள். "வாய்வா இருக்கும்மா, குடிங்க."

நம் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். பத்தாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது எனக்கு முதன்முதலாக இப்படி வந்த அன்றும் ஆசிரியர் அறையில் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஒருவர் பூண்டு என்றார், ஒருவர் சோடா என்றார். நீங்கள் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தீர்கள்.

"பூண்டை அப்புறம் உரிக்கலாம். உள்ள என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க டீச்சர்."

செத்துவிடுவேன் போலிருக்கிறது என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆட்டோவில் என் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். பாதியில் விட்ட பாடத்தைப் பற்றி நான் புலம்பியதற்கு, "நீங்க செத்தா சமூக அறிவியலை நான் நடத்திக்கிறேன். இப்ப மூச்சை விடுங்க" என்றீர்கள்.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் குறையில்லை, பதற்றம்தான் என்றார் டாக்டர். அறுப்புக்கு நின்ற எங்கள் சம்பா மழையில் சாய்ந்து கிடந்த தை மாதம் அது. வெளிநாட்டில் மகனுக்கு வேலையும் போயிருந்தது.

படபடப்பு அடங்கிவிடும். அதற்குப் பின் வரும் அசதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு குடம் தூக்காத நாளிலும், பகல் முழுக்க நடவு நட்டவள்போல் இடுப்பும் தோளும் விட்டுப்போகும். டாக்டர் வேறு ஏதோ பெரிய நோயை மறைக்கிறார் என்றே நினைத்தேன். உங்களிடம் சொன்னபோது, "தண்ணி ஏறாத போர்ல மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா சூடாகாதா? நீங்க உக்காந்திருக்கீங்க, மோட்டார் ஓடுது" என்றீர்கள். பரீட்சை நாளில் வயிறு கலங்கி நிற்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த உதாரணத்தைத்தான் சொல்லிவந்தேன்.

மூச்சை இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டர். அதை மறக்கவிடாமல் மதிய இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி என்னை நடத்தியவர் நீங்கள். அசதி என்று நான் படுத்துக்கிடந்த விடுமுறைகளில் வீட்டுக்கே வந்து கீரை ஆயச் சொல்லி முறத்தை நீட்டுவீர்கள். ஒரு கட்டுக் கீரை முடிவதற்குள் உடம்பு கொஞ்சம் என் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கும்.

போன அறுப்பில் உங்களுக்கு வந்தது மாரடைப்பு. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியிருந்தீர்கள். வானம் கறுத்தது. தார்ப்பாயை இழுக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று அவர் கூப்பிட்டதற்கு, "வாய்வுதாங்க, நெல்ல மூடிட்டு வந்துடுறேன்" என்றீர்களாம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் அந்த ஒரு வரியையே சொல்லிக்கொண்டிருந்தார். நெல் நனையவில்லை டீச்சர்.

அன்றிலிருந்து என் பயம் மாறிவிட்டது. முன்பெல்லாம் படபடப்பு வந்தால், இது பதற்றம், போய்விடும் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும், இது எனக்கு வழக்கமாக வருவதா, உங்களுக்கு வந்ததா என்று கேட்கிறேன். இரண்டும் அதே நெஞ்சில்தானே வருகின்றன. சென்ற மாதமும் ஈசிஜி எடுத்தாயிற்று, குறையில்லை. புதிதாக வலி வந்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாடம் மனப்பாடமாகிவிட்டது, நெஞ்சுதான் கேட்பதில்லை.

திருக்கடையூரில் கூட்டம் நெருக்கும். தலையில் கலச நீர் ஊற்றும்போது மணையைவிட்டு எழுந்து ஓட முடியுமா? எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொல்லலாமா என்று சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அந்த டம்ளரை நான் வாங்கவில்லை. "வாய்வு இல்லடி. எனக்குப் பயமா இருக்கு. அங்க நடுவுல வந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு" என்றேன்.

அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? நான் பக்கத்துலயே நிக்கிறேன். நடுவுல எந்திரிச்சா எந்திரிங்க, அப்பா எங்கயும் போயிட மாட்டாரு" என்றாள். நாளைக்கு டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

உள்ளே நடப்பதை உள்ளபடி ஒருவரிடம் சொல்லிவிடுவது, அதைத்தான் உங்களிடமிருந்து எடுத்துவந்திருக்கிறேன். என்னை அன்று கேட்டதுபோல் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள உங்களுக்குத்தான் நேரமில்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை போகிறோம். பயந்துகொண்டேதான் மணையில் உட்காருவேன் என்று என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.