நேராக வேண்டிய துறைமுகச் சுவர்

மார்ச் 12, வியாழன், இரவு 11.40. "ராடார் தயார்னு கையெழுத்துப் போடு" என்று சூப்பர்வைசர் இன்று ஐந்து முறை கேட்டுவிட்டார். நான் போடவில்லை.

கிள்ளான் துறைமுக ராடாருக்குப் புது ட்ரிகர் கேபிள் இழுத்தோம். பழையதைவிட நீளம். ராடார் பல்ஸ் கிளம்பிய சேதி அதன் வழியே, தூரத்தைக் கணக்கிடும் ப்ராசஸருக்குத் தாமதமாகப் போகிறது. பழைய டைமிங்கையே வைத்திருப்பதால் அது தாமதமாக எண்ணத் தொடங்கி, எல்லாம் முப்பது மீட்டர் கிட்டே தெரிகிறது. கப்பல்களைக் கட்டி நிறுத்தும் துறைமுகச் சுவர் நேர்கோடு. திரையில் அது நடுவில் எங்கள் பக்கமாக வளைந்து நிற்கிறது.

சூப்பர்வைசர் தியாகு அண்ணனிடம் காட்டினேன்.

"சுவத்தப் பாக்கவாடா ராடார் வாங்கினாங்க? கப்பலப் பாக்க லா."

"சுவர் நகராதுண்ணே. அதுவே தப்பாத் தெரிஞ்சா கப்பல எப்படி நம்புறது? ஒரு மணி நேரம் குடுங்க, சரி பண்றேன்."

"நாளைக்குப் பத்து மணிக்குத் துறைமுகத்துக்கு ஹேண்டோவர் பண்ணணும். நீ இன்னும் ப்ரொபேஷன் தம்பி, ஞாபகம் வச்சுக்க."

திருத்த விடாமல் என்னை வேனில் ஏற்றிவிட்டார்.

ஞாபகம் இருக்கிறது. புகைமூட்டம் வந்தால் இழுவைப் படகுக்காரன் கண்ட்ரோல் ரூம் சொல்வதை மட்டும்தான் நம்புவான். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நாளை:

1. ஆறு மணிக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்புவது. அண்ணன் எட்டுக்குத்தான் வருவார்.

2. ப்ராசஸரில் ட்ரிகர் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சுவரை நேராக்குவது.

3. முடியாவிட்டால், ராடார் தயாரில்லை என்று துறைமுகத்துக்காரர்களிடம் நானே சொல்வது.

4. வேலை போனால் போகட்டும். வளைந்த சுவருக்கு என் கையெழுத்து கிடையாது.