மாடிக்குப் போன வயர்

மார்ச் 4, செவ்வாய்

வைஃபை சிக்னல் மாடிப்படியின் திருப்பம் வரை வருகிறது. என் அறை வாசலில் ஒரு கோடு. மேசையில் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. இவ்வளவு நாள் அது எனக்கு வசதியாகவே இருந்தது. நாவல் படிக்க இணையம் எதற்கு?

இப்போது தேவைப்படுகிறது. ஒலிநூல் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் அனுப்பிய வாசிப்பு பிடித்திருக்கிறதாம். அடுத்தது நேரடிச் சோதனை, வரும் பதினான்காம் தேதி. நான் இங்கிருந்து ஓர் அத்தியாயத்தை வாசிக்க, அவர்களுடைய இயக்குநர் அங்கிருந்து கேட்டுக்கொண்டே திருத்துவார். தேறினால் ஒரு முழு நாவலும் எனக்கு.

அமைதியான அறையும் அறுபடாத இணையமும் அவசியம் என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடம் இரண்டும் உண்டு. ஒன்று மாடியில் இருக்கிறது, இன்னொன்று கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், "எங்கே, வாசிச்சுக் காட்டு" என்பார்கள். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு வாசித்துவிடுவேன். இவர்கள் இரண்டு பேருக்கு முன்னால் முடியாது.

மார்ச் 5, புதன்

சுருட்டையிடம் மட்டும் சொன்னேன். பள்ளியில் என் பெஞ்சுக்காரி. இப்போது ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறாள்.

"வீட்ல பழைய ரவுட்டர் ஏதாவது கிடக்கா?"

கிடக்கிறது. கம்பெனி மாற்றியபோது கழற்றிய ஒன்று, பரணில், அட்டைப்பெட்டியோடு. அப்பா எதையும் தூக்கிப்போட மாட்டார்.

"அப்புறம் என்னடி? ஒரு நீள வயர் வாங்கு. ஒரு முனை கீழே மோடத்துல, இன்னொரு முனை மாடியில அந்த ரவுட்டர்ல. முடிஞ்சுது கதை."

அவ்வளவு சீக்கிரம் முடிந்த கதை எதையும் நான் படித்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

அப்பாவிடம் கேட்டேன். சொல்லைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

"எனக்கு மாடியில தனியா ஒரு கனெக்‌ஷன் வேணும்ப்பா."

பேப்பரை மடித்து வைத்தார். "தனியாவா? இந்த வீட்ல உனக்கு மட்டும் என்ன தனியா?"

அம்மா சமையலறையிலிருந்து, "விடுங்க, நாளைக்கு அடுப்பும் தனியா கேப்பா" என்றாள். விளையாட்டாகத்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கல்யாணமாகி வெளிநாடு போனதிலிருந்து அந்தச் சொல்லை இங்கே யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அதையே எடுத்தேன். நான் நினைத்தது தனி அறை. அவர் காதில் விழுந்தது தனிக்குடித்தனம்.

சாப்பிட்டு எழும்போது, "என்னமோ பண்ணு. ஞாயித்துக்கிழமை மட்டும் எதையும் தொடாதே" என்றார். ஞாயிறு மாலை அக்காவின் வீடியோ அழைப்பு. போன மாதம் பிறந்த பேத்தியை அவர் பார்ப்பது அந்த ஒரு வேளைதான்.

மார்ச் 8, சனி

வயர் வாங்கியாயிற்று. படிக்கட்டுக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்துவிட்டேன். அம்மா வேடிக்கை பார்த்துவிட்டு, "மாடிக்குக் கொடி கட்டுறியா, துணி காயப்போடலாமா?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

தொட்டேன்.

காலையில்தானே, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புத்தி எங்கே போச்சு எனக்கு?

நடந்ததை எழுதிவிடுகிறேன், அப்போதாவது மண்டையில் ஏறட்டும். வீட்டில் இருக்கும் போன், டிவி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு விலாசம் கொடுப்பது மோடத்தின் வேலை. பழைய ரவுட்டருக்கும் அதே வேலை தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் அதைச் செய்தால் குழப்பம். அதனால் 'ரவுட்டர்ல அந்த வேலையை நிறுத்திட்டு அப்புறமா வயரைச் சொருகு' என்று சுருட்டை படித்துப் படித்துச் சொன்னாள். நான் முதலில் சொருகிவிட்டு அப்புறம் நிறுத்தப் போனேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய, கணினியில் அதன் எண்ணைத் தட்டினேன். மோடத்துக்கும் அதே எண்! திறந்தது மோடம். கடவுச்சொல்லும் இரண்டுக்கும் ஒன்றே, அப்பா வைத்தது. சந்தேகமே வரவில்லை. அங்கே போய் நிறுத்திவிட்டேன். உருப்படியாக வேலை பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாத பழசின் கையில் வீட்டைக் கொடுத்துவிட்டேன்.

ஹாலில் எதுவும் வேலை செய்யவில்லை. சுருட்டையின் போன் அணைந்திருந்தது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரி, போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உனக்குத் தனியா வேணும்னு எல்லாருக்கும் இருந்ததையும் கெடுத்துட்டே" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

சுருட்டை சாயங்காலம் நேரில் வந்தாள். "கல்லூரியில பசங்ககூட இப்படிப் பண்ணதில்லைடி" என்று மனம் குளிரச் சிரித்தாள். மோடத்தைப் பழையபடி வேலைக்கு வைத்தோம். பழைய ரவுட்டரின் வயரைப் பிடுங்கி, அதைத் தனியே என் கணினியோடு இணைத்து, முதலில் அதன் எண்ணை மாற்றினோம். பிறகு விலாசம் கொடுக்கும் வேலையை அதனிடமிருந்து பறித்தோம்.

அம்மா காபியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரன் என்னதான் பண்ணுவான், பாவம்." இரண்டு நாளாக நான் புரிந்துகொள்ளத் திணறியது ஒரு டம்ளர் காபிக்குள் முடிந்துவிட்டது.

கடைசியில் சுருட்டை கேட்டாள். "மாடி வைஃபைக்கு என்ன பேரு வைக்க? உன் பேரா?"

"கீழே இருக்கிற அதே பேரு. அதே பாஸ்வேர்டு."

"அப்படின்னா எது உன்னுது, எது அவங்களுதுன்னு தெரியாதே."

"தெரிய வேணாம்."

மார்ச் 11, செவ்வாய்

அக்காவை நானே அழைத்தேன், வேலைநாளென்றும் பார்க்காமல். ஹாலில் பேச ஆரம்பித்து அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். "அப்படியே நடந்துகிட்டே பேசுங்கப்பா, மேல வரைக்கும். வீட்டைச் சுத்திக் காட்டுங்க அவளுக்கு."

நம்பாமல்தான் ஏறினார். படி ஏற ஏறக் குரல் உயர்ந்தது. "இதோ பாரும்மா, இது சித்தி ரூமு! இதெல்லாம் சித்தி புஸ்தகம்! நீ பெரியவளாகி எல்லாத்தையும் கிழிக்கணும், சரியா?" குழந்தை கொட்டாவி விட்டது. படம் ஒரு முறைகூட உறையவில்லை.

பேசி முடித்தும் அவர் இறங்கவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தார். வாசற்படியில் வயர் குறுக்கே கிடந்ததால் கதவு சாத்தவில்லை.

"இது ஏன் மூட மாட்டேங்குது?"

"பரவாயில்லப்பா."

"மூடணுமா, வேணாமா?"

சொல்லிவிட்டேன். நின்ற நிலையில், எல்லாவற்றையும். வெள்ளிக்கிழமைச் சோதனையை, நாவலை, சத்தமாக வாசிக்க வேண்டியதை, யார் காதிலும் விழாமல் வாசித்தால்தான் எனக்குக் குரல் வரும் என்பதை.

அப்பா கதவை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். "ஊரே கேக்கப்போற வேலை. அதை யாரும் கேக்காமப் பண்ணணுமா?"

"ஆமாப்பா."

"நல்லா இருக்கு, போ."

மார்ச் 12, புதன்

அப்பா பக்கத்து வீட்டிலிருந்து ரம்பம் வாங்கிவந்து, கதவின் கீழ் மூலையில் வயர் நுழைய வழி வெட்டினார். இந்த வீட்டில் அவர் இதுவரை செய்த தச்சுவேலை காலண்டருக்கு ஆணி அடித்தது மட்டும். அம்மா வந்து பார்த்து, "வயருக்கு வெட்டுனீங்களா, பெருச்சாளிக்கா?" என்றாள்.

"சத்தம் போடாதே. பழைய துணி கொண்டா, அடைச்சுக்கலாம்."

பிறகு என்னை உள்ளே போகச் சொல்லி, கதவை அவரே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். "பேசு பாப்போம்." பேசினேன். "ஒண்ணும் கேக்கல" என்றார். பொய். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டதே!

தனியாக இருக்கக் கதவைச் சாத்திக் கொடுப்பதும் அப்பாதான் என்றால், அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் எழுத வேண்டும். எனக்கு வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இணைப்பு அறுபடவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் அறுந்தேன். இயக்குநர் வயதான பெண், கண்டிப்பான குரல். "அவசரம் வேணாம்மா. அந்த வாக்கியத்துல யாரும் ஓடலையே, நீங்க ஏன் ஓடுறீங்க?" என்றார். மறுபடி வாசித்தேன். நடந்தேன்.

கீழே டிவி முழு நேரமும் ஊமையாக ஓடியதாம்.

மார்ச் 18, செவ்வாய்

நாவல் எனக்குத்தான்.

மார்ச் 28, வெள்ளி

முதல் மூன்று அத்தியாயங்கள் பதிவாகிவிட்டன. தொண்டையில் மணல். முடிக்கும்போது இயக்குநர் கேட்டார்: "நூலோட தொடக்கத்துல வாசிப்பவர் பேரு வரும். எப்படிப் போடலாம்?"

புனைபெயர் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அழகான பெயர், யாருக்கும் அடையாளம் தெரியாது. வாய் வரை வந்தது.

என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, "வெறும் பேரு போதுமா?" என்றார்.

"இல்லைங்க, இனிஷியலும் போடுங்க" என்றேன். அப்பா பெயரின் முதல் எழுத்து. தப்பாகப் போட்டுவிடக்கூடாது என்று இரண்டு முறை சொன்னேன்.